ஒரு பித்தளை நட்டும் ஓர் அடையாள அட்டையும்

1968 மே 16. கிழக்கு லண்டனின் கேனிங் டவுன் பகுதியில் ரோனன் பாயிண்ட் என்ற 22 மாடிக் குடியிருப்பு. திறந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. காலை ஆறு மணிக்குச் சற்று முன்பு, 18ஆவது மாடியில் தனியாக வசித்த 56 வயதுப் பெண்மணி தேநீர் போட எழுந்தார். அடுப்பைப் பற்றவைக்கத் தீக்குச்சியை உரசினார். அறையில் ஏற்கெனவே எரிவாயு கசிந்து நிறைந்திருந்தது. வெடிப்பில் வீட்டின் வெளிச்சுவர்கள் பிய்த்துக்கொண்டு போயின. அந்தச் சுவர்களை நம்பித்தான் மேலே நான்கு மாடிகள் நின்றன. அவை இறங்கின, அவற்றின் பாரத்தில் கீழே இருந்தவையும் ஒவ்வொன்றாகச் சரிந்தன. கட்டடத்தின் ஒரு மூலை உச்சியிலிருந்து அடிவரை இல்லாமல் போனது. நான்கு பேர் இறந்தார்கள். 17 பேருக்குக் காயம். தீக்குச்சி உரசிய அந்தப் பெண்மணி உயிர் பிழைத்தார்.

கட்டடக்கலை படிப்பவர்களுக்கு இது பாடம். முன்பே வார்த்த கான்கிரீட் பலகைகளை அடுக்கி வீடு கட்டும் முறை எவ்வளவு பலவீனமானது என்பதற்கான பாடம். ஆனால் எனக்கு இந்தக் கதையில் உறுத்துவது சுவர் அல்ல. விசாரணை கடைசியில் போய் நின்ற இடம்: அடுப்பை எரிவாயுக் குழாயோடு இணைத்த ஒரு பித்தளை நட்டு. தரத்துக்குக் குறைந்த நட்டு. அது உடைந்திருந்தது. கைப்பிடிக்குள் அடங்கும் ஒரு பொருள்.

அந்த நட்டு சரியாக இருக்கிறதா என்று அந்தப் பெண்மணியால் பார்த்துச் சொல்லியிருக்க முடியுமா? முடியாது. நானோ நீங்களோ அந்த அடுப்பின் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தாலும் ஒன்றும் தெரிந்திருக்காது. எரிவாயு வேலையின் அடிப்படைச் சிக்கலே இதுதான். தையல்காரர் சட்டையைக் கெடுத்தால் கண்ணாடியில் தெரியும். சமையல்காரர் சாம்பாரைக் கெடுத்தால் நாக்குக்குத் தெரியும். பாய்லர் மாட்டியவர் செய்த தப்பு நமக்குத் தெரியவரும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். அப்படியானால் இந்த வேலைக்கு வருகிற ஆளை எதை வைத்து நம்புவது? பிரிட்டன் இந்தக் கேள்விக்கு ஒரு பதிலைக் கண்டுபிடிக்க ஏறக்குறைய நூறாண்டுகள் எடுத்துக்கொண்டது. பதிலின் ஒவ்வொரு வரிக்கும் யாரோ சாக வேண்டியிருந்தது.

*

நம் ஊர்க் குளியலறையில் தொங்குகிற கீசரிலிருந்து தொடங்கலாம். 1868இல் பெஞ்சமின் வாடி மாகன் என்ற லண்டன்காரர் எரிவாயுவில் உடனடியாக வெந்நீர் தரும் கருவி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். ஐஸ்லாந்தின் வெந்நீர் ஊற்றை நினைத்து அதற்கு ‘கீசர்’ என்று பெயர் வைத்தார். இன்றைக்கு சென்னையிலும் மதுரையிலும் வீட்டுக்கு வீடு புழங்கும் வார்த்தை அங்கிருந்துதான் கிளம்பியது. கருவி அற்புதமானதுதான். ஒரே ஒரு குறை: அதற்குப் புகைபோக்கி கிடையாது. எரிந்த வாயு முழுவதும் குளிக்கிறவர் இருக்கும் அறைக்குள்ளேயே இறங்கியது.

அந்த வாயுவில் இருந்த ஆபத்து என்ன என்பதைச் சரியாக அளந்து சொன்னவர்களில் முக்கியமானவர் ஜான் ஸ்காட் ஹால்டேன். கார்பன் மோனாக்சைடைத் தானே சுவாசித்து, தன் இரத்தத்தைத் தானே சோதித்துக் குறிப்பெடுத்த மனிதர். 1896இல் வேல்ஸின் டைலர்ஸ்டவுன் சுரங்க வெடிப்பை ஆராய்ந்தபோது, செத்தவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது வெடிப்பல்ல, அதன்பின் பரவிய கார்பன் மோனாக்சைடுதான் என்று கண்டார். நம் இரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கும் அதிகமான இறுக்கத்தோடு இந்த வாயுவைப் பிடித்துக்கொள்ளும். நிறமில்லை, மணமில்லை. தலைவலி, குமட்டல், அசதி, பிறகு தூக்கம். சுரங்கத்துக்குள் சிறு பறவைகளையோ எலிகளையோ கொண்டுபோகச் சொன்னது ஹால்டேன்தான். கேனரிக் குருவி நம்மைவிட வேகமாகச் சுவாசிக்கும். நமக்கு முன்பே மயங்கிவிழும். மனிதப் புலன்களால் இந்த ஆபத்தைப் பிடிக்க முடியாது என்பதை ஒப்புக்கொண்ட ஏற்பாடு அது.

வீடுகளுக்குக் குருவி போகவில்லை. வீடுகளுக்கு எரிவாயுதான் போனது. 1812இல் அரச சாசனம் பெற்ற கேஸ் லைட் அண்ட் கோக் கம்பெனியின் காலத்திலிருந்து 1960கள் வரை லண்டன் எரித்தது முக்கியமாக நிலக்கரியைச் சூடாக்கி எடுத்த ‘டவுன் கேஸ்’. அதில் இயல்பாகவே கார்பன் மோனாக்சைடு கலந்திருந்தது. எரிந்தாலும் ஆபத்து, எரியாமல் கசிந்தாலும் ஆபத்து. 1949இல் எரிவாயுத் துறை அரசுடைமையானது. அதற்குப் பிறகு அடுப்பு வாங்குவது, மாட்டுவது, பழுது பார்ப்பது எல்லாவற்றுக்கும் மக்கள் பெரும்பாலும் போனது அந்தந்தப் பகுதியின் கேஸ் போர்டுக்குத்தான். ‘கேஸ்காரர்’ என்றால் போர்டின் ஆள். அவரை நம்பலாமா என்ற கேள்வி அவ்வளவாக எழவில்லை. நம்பியது ஆளை அல்ல, அவர் போட்டிருந்த சீருடையை.

1967இல் வட கடலின் அடியிலிருந்து இயற்கை எரிவாயு கரைக்கு வந்தது. அடுத்த பத்தாண்டுகளில் ஒரு கோடிக்கும் அதிகமான வீடுகளுக்குள் ஆட்கள் போய், ஒவ்வொரு அடுப்பையும் ஹீட்டரையும் புதிய வாயுவுக்கு ஏற்றபடி மாற்றினார்கள். இயற்கை எரிவாயுவில் கார்பன் மோனாக்சைடு கிடையாது. அப்பாடா, ஆபத்து ஒழிந்தது என்று தோன்றும். ஒழியவில்லை. எந்த வாயுவும் போதுமான காற்று கிடைக்காமல் அரைகுறையாக எரிந்தால் கார்பன் மோனாக்சைடைத்தான் கக்கும். புகைபோக்கியில் குருவி கூடு கட்டினாலும், பர்னரில் தூசி அடைத்தாலும், புதுப்பிக்கிறேன் பேர்வழி என்று ஜன்னலையெல்லாம் இறுக்கி அடைத்தாலும் போதும். முன்பு ஆபத்து வாயுவில் இருந்தது. இப்போது அது வேலையின் தரத்துக்கு இடம் மாறியது. அதாவது, யார் மாட்டினார், யார் பார்த்தார் என்பது முன்பைவிட முக்கியமாகிப்போனது.

*

இங்கே ஒரு வார்த்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும்: ‘இன்ஜினியர்’. நம் வீடுகளில் இந்த வார்த்தைக்கு உள்ள மரியாதை உங்களுக்குத் தெரியும். பிரிட்டனில் பாய்லர் பார்க்க வருபவரும் ‘ஹீட்டிங் இன்ஜினியர்’தான். ஆனால் அந்த நாட்டில் வெறும் ‘இன்ஜினியர்’ என்ற பட்டத்துக்குச் சட்டப் பாதுகாப்பு கிடையாது. யார் வேண்டுமானாலும் வேனின் பக்கவாட்டில் அப்படி எழுதிக்கொள்ளலாம். பிளம்பருக்கும் இதே கதைதான். 1871இல் வேல்ஸ் இளவரசருக்கே டைபாய்டு வந்து, வீட்டுச் சாக்கடைக் குழாய்கள் மீது நாடே சந்தேகப்பட்ட பின், 1886இல் பிளம்பர்களுக்கான பதிவுமுறை ஒன்று தொடங்கியது. அது விருப்பத்தின் பேரில் சேர்வது. இன்றுவரை ‘பிளம்பர்’ என்று சொல்லிக்கொள்ள அங்கே எந்த உரிமமும் வேண்டாம்.

வேறு நாட்டில் வேறு மாதிரி நடந்தது. அமெரிக்காவின் டெக்ஸாஸில் நியூ லண்டன் என்றொரு சிற்றூர். 1937 மார்ச் 18 அன்று அங்கிருந்த பள்ளிக்கூடம் பள்ளி விடும் நேரத்தில் வெடித்தது. சுமார் 300 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். எண்ணெய் வயல்களில் மிச்சமாகும் எரிவாயுவைப் பள்ளியின் வெப்பமூட்டும் கருவிகளுக்குத் திருப்பி விட்டிருந்தார்கள், செலவு மிச்சம். அந்த வாயுவுக்கு மணமில்லை. தரைக்கு அடியில் அது தேங்கியது யாருக்கும் தெரியவில்லை. தச்சுப் பட்டறையில் ஒரு மின்கருவியின் சுவிட்சைப் போட்டபோது வந்த பொறி போதுமானதாக இருந்தது. அதன்பின் டெக்ஸாஸ் இரண்டு காரியங்களைச் செய்தது. ஒன்று, எரிவாயுவில் நாற்றத்தைக் கலந்தே ஆகவேண்டும் என்ற சட்டம். நம் வீட்டு சிலிண்டர் கசிந்தால் வரும் அந்தக் கெட்ட வாடை இந்த வகைதான். இரண்டு, பதிவு பெறாத ஒருவர் தன்னைப் பொறியாளர் என்று சொல்லிப் பொதுமக்களுக்கு வேலை செய்யக் கூடாது என்ற சட்டம். ஒரே விபத்து, வாயுவுக்கு ஒரு வாடை, ஆளுக்கு ஒரு பதிவு. ஆபத்தும் தெரிய வேண்டும், தகுதியும் தெரிய வேண்டும்.

ஆனால் ஒன்று கவனியுங்கள். அந்த வாடை எரியாமல் கசியும் வாயுவுக்கு மட்டும்தான். சரியாக எரியாத பாய்லரிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடில் அந்த வாடையை நம்பி இருக்க முடியாது. அதனால் இரண்டாவது ஏற்பாடான ஆளின் பதிவுதான் கடைசிவரை துணை.

*

மறுபடி லண்டனுக்கு வருகிறேன். ரோனன் பாயிண்ட் சரிந்து இரண்டு ஆண்டுகள் கழித்து, 1970இல், எரிவாயு வேலை செய்பவர்களுக்கான பதிவு அமைப்பு ஒன்று உருவானது. அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் ‘கார்கி’. அரசியார் வளர்த்த நாய் இனத்தின் பெயரே அமைந்துவிட்டதால் எல்லோருக்கும் சட்டென்று மனதில் நின்றது. ஆனால் அதில் சேர்வதும் சேராததும் அவரவர் விருப்பம். ஒழுங்காக வேலை செய்பவர்கள் சேர்ந்தார்கள். யாரைக் கண்காணிக்க வேண்டுமோ அவர்கள் வெளியே இருந்தார்கள். விருப்பப் பதிவுகள் எல்லாவற்றுக்கும் உள்ள பிரச்சினை இது.

1986 ஒரு விசித்திரமான ஆண்டு. ரோனன் பாயிண்ட்டை இடித்தது அந்த ஆண்டில். சுரங்கங்களில் கேனரிக் குருவிகளுக்கு ஓய்வு கொடுத்து மின்னணுக் கருவிகளைக் கொண்டுவரப் போவதாக அறிவித்ததும் அந்த ஆண்டில். பிரிட்டிஷ் கேஸ் நிறுவனத்தை அரசு பங்குச்சந்தையில் விற்றதும் அதே ஆண்டில். சீருடை போட்ட போர்டின் ஆளை நம்பிய காலம் முடிந்தது. வேன் வைத்திருக்கும் தனி ஆட்களின் காலம் வந்தது. சீருடை போனால் வேறு ஏதாவது வேண்டுமே? 1991இல் பதிவு கட்டாயமானது. காசு வாங்கிக்கொண்டு எரிவாயு வேலை செய்யும் ஒவ்வொருவரும் பதிவுக்குள் வந்தாக வேண்டும், இல்லையென்றால் குற்றம். வாடகை வீடுகளில் ஆண்டுக்கு ஒருமுறை எரிவாயுச் சோதனை நடத்தி, அதன் அறிக்கையைக் குடியிருப்பவர் கையில் தர வேண்டியது உரிமையாளரின் கடமையானது. 2009 ஏப்ரல் 1 முதல் ‘கார்கி’யின் இடத்துக்கு ‘கேஸ் சேஃப் ரெஜிஸ்டர்’ வந்தது. இன்று அதில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்கள் இருக்கிறார்கள். தேர்வு எழுதித் தகுதி பெற வேண்டும்; ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி நிரூபிக்க வேண்டும்.

இத்தனை வரலாறும் கடைசியில் சட்டைப்பைக்குள் வைக்கிற ஓர் அட்டைக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. முன்பக்கம் புகைப்படம், எண், காலாவதித் தேதி. பின்பக்கம் அவர் எந்தெந்த வேலைகளைச் செய்யத் தகுதி பெற்றவர் என்ற பட்டியல்.

நான் குடியிருப்பது ஈஸ்ட் ஹாமில். ரோனன் பாயிண்ட் நின்ற இடம் இங்கிருந்து பஸ்ஸில் போகிற தூரம்தான். தோசைக்கடை, நகைக்கடை, கோவில் என்று தமிழ் ஆட்கள் நிறைந்த பகுதி. இங்கே பாய்லர் பழுதானால் யாரும் பதிவேட்டைத் தேடுவதில்லை. “நம்ம ஆள் ஒருத்தர் இருக்கார், நம்பர் தரேன்” என்பதுதான் முதல் வார்த்தை. போன குளிர்காலத்தில் எங்கள் வீட்டு ரேடியேட்டர்கள் சூடாகாமல் போனபோது உரிமையாளர் அனுப்பியவரும் அப்படியான நம்ம ஆள்தான். யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பது வயது தாண்டியவர். காலணியைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். நான் கொஞ்சம் தயங்கித்தான் கேட்டேன். “அண்ணா, உங்க கார்டைப் பார்க்கலாமா?”

“இந்தாங்கோ” என்று உடனே நீட்டினார். நான் புகைப்படத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கப் போனேன். “பின்பக்கத்தையும் பாருங்கோ தம்பி. முன்பக்கம் நான் ஆர் எண்டுதான் சொல்லும். எனக்கு என்ன தெரியும் எண்டது பின்னாலதான் கிடக்கு.”

பாய்லரின் மூடியைக் கழற்றியபடியே பேசிக்கொண்டிருந்தார். “பத்து வீட்டுக்குப் போனா ஒராள்கூடக் கேக்கிறேல்லை. எங்கட சனமெண்டா சுத்தமாக் கேக்காது. கேட்டா நான் கோவிப்பன் எண்டு நினைக்கினம். ஊர் எது, பிள்ளையள் எத்தனை, எல்லாம் கேப்பினம். இதை மட்டும் கேக்காயினம்.” அதற்கு முந்தைய வாரம் ஒரு சாப்பாட்டுக் கடைக்காரர் அவரைக் கூப்பிட்டாராம். கடையின் பெரிய அடுப்பு சரியாக எரியவில்லை. “எனக்கு வீட்டு வேலைக்குத்தான் தகுதி. அது கடையடுப்பு, வேற சோதனை, வேற காட். நான் தொடக்கூடாது எண்டு சொன்னன். ‘என்ன அண்ணை, தெரிஞ்ச ஆள் நீங்கள், சும்மா ஒருக்காப் பாருங்கோவன்’ எண்டார். தெரிஞ்ச ஆள் எண்டபடியாத்தான் மாட்டன் எண்டனான்.”

அவர் சொன்ன அந்தக் கடைசி வரியை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். கடை வைத்திருப்பவர்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். வீட்டு பாய்லருக்குத் தகுதி பெற்றவர் உணவகத்தின் அடுப்பையோ பெரிய கட்டடத்தின் பாய்லரையோ தொடச் சட்டப்படி முடியாது. இயற்கை எரிவாயுவுக்குத் தகுதி பெற்றவருக்கு சிலிண்டர் எரிவாயுவுக்கும் தகுதி இருக்கும் என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது. எல்லாம் அந்தப் பின்பக்கத்தில் இருக்கிறது.

*

‘நம்ம ஆள்’ என்பதை நான் கேலி செய்யவில்லை. புலம்பெயர்ந்த ஊரில் மொழி தெரியாத காலத்தில், வீடு கிடைக்காத காலத்தில் நம்மைக் காப்பாற்றியதே அந்த வலைதான். அதோடு, பதிவேட்டால் சொல்ல முடியாத விஷயங்களும் நிறைய உண்டு. அவர் நியாயமான விலை கேட்பாரா, சொன்ன நாளில் வருவாரா, ஒரு சின்ன பாகத்தை மாற்றினால் போதும் என்கிற இடத்தில் புது பாய்லர் வாங்கச் சொல்வாரா, வேலை முடிந்து ஆறு மாதம் கழித்துக் கூப்பிட்டால் போனை எடுப்பாரா? இதெல்லாம் எந்த அட்டையிலும் எழுதியிருக்காது. இதற்குப் பக்கத்து வீட்டு அக்காவின் வாய்வார்த்தைதான் சரியான சான்று.

ஆக, இங்கே நம்பிக்கை இரண்டு வகை. ஒன்று பணம் சம்பந்தப்பட்டது, மற்றது உயிர் சம்பந்தப்பட்டது. பணம் சம்பந்தப்பட்டதை ஊராரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம், ஏனென்றால் அதன் விளைவை ஊரார் பார்த்திருக்கிறார்கள். உயிர் சம்பந்தப்பட்டதை ஊராரிடம் கேட்டுப் பயனில்லை. அந்த நட்டு அவர்கள் கண்ணுக்கும் தெரியாது. “பத்து வருஷமா அவர்தான் எங்க வீட்டுக்கு வரார், ஒரு பிரச்சினையும் இல்லை” என்பது நேர்மையான வார்த்தைதான். ஆனால் ரோனன் பாயிண்டிலும் அந்தக் காலைக்கு முந்தைய நாள்வரை ஒரு பிரச்சினையும் இருந்திருக்காது. நம்மவர்கள் தடுக்கி விழுவது இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளும் இடத்தில்தான். முதலாவதில் நல்ல பெயர் எடுத்தவரை இரண்டாவதிலும் கேள்வி கேட்காமல் விட்டுவிடுகிறோம்.

அதனால் வரிசை முக்கியம். முதலில் பதிவு எண்ணைப் பதிவேட்டின் இணையதளத்திலோ தொலைபேசியிலோ சரிபார்க்க வேண்டும். அதில் தேறியவர்களுக்குள்தான் ‘நம்ம ஆள்’, விலை எல்லாம். பெரிய வேலை என்றால் இரண்டு மூன்று பேரிடம் எழுத்தில் விலை வாங்கலாம். வீட்டைச் சுற்றிப் பார்க்காமல், எத்தனை அறை, எத்தனை குளியலறை, ஜன்னல் எப்படி என்று கேட்காமல், போனிலேயே பாய்லரின் அளவைச் சொல்பவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருக்கலாம். நல்ல வேலைக்காரர் பாய்லரைப் பொருத்திய பிறகு புகைபோக்கியில் கருவியை வைத்து வெளியேறும் வாயுவை அளப்பார். அந்த அளவைக் கையேட்டில் எழுதித் தருவார். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் புது பாய்லர் என்றால் உள்ளாட்சிக்குத் தகவல் போய், வீட்டுக்கு ஒரு சான்றிதழும் வர வேண்டும். வரவில்லையென்றால் கேட்க வேண்டும். எவ்வளவு நல்ல ஆள் மாட்டியிருந்தாலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று வீட்டில் இருக்க வேண்டும். நம் வீட்டுக் கேனரிக் குருவி அது. நீலமாக எரிய வேண்டிய சுடர் மஞ்சளாக எரிந்தாலோ, கருவியைச் சுற்றிக் கரி படிந்தாலோ, காய்ச்சலே இல்லாமல் வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி வந்து வெளியே போனால் சரியானாலோ அலாரத்துக்காகக்கூடக் காத்திருக்க வேண்டாம். கருவியை அணைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து உதவிக்கு அழைக்க வேண்டியதுதான்.

*

இப்போது பிரிட்டன் மெல்ல எரிவாயுவிலிருந்தே விலகப் பார்க்கிறது. காற்றிலிருந்து வெப்பத்தை இழுக்கும் ஹீட் பம்ப் மாட்டினால் அரசு மானியம் தருகிறது. ஆனால் அதற்கென உள்ள தரச்சான்று பெற்றவர் மாட்டினால்தான். எண்ணெய் பாய்லருக்கு வேறொரு பதிவு, விறகு அடுப்புக்கு வேறொன்று. ஹீட் பம்ப்பில் எதுவும் எரிவதில்லை, அதனால் கார்பன் மோனாக்சைடு இல்லை. தப்பாக மாட்டினால் உயிர் போகாது. மின்கட்டணம் ஏறும், வீடு குளிரும். அப்போதும் வருகிறவர் சரியாகக் கணக்குப் போட்டாரா என்பதை நம் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது.

இதை வாசிக்கும் பலருக்கு வீட்டைச் சூடாக்கும் பிரச்சினையே இருக்காது. சென்னையில் வீட்டைக் குளிர்விப்பதே பெரும்பாடு. ஆனால் மாகனின் கருவி அங்கேயும் இருக்கிறது. சிலிண்டரில் ஓடும் எரிவாயு கீசரை, காற்றோட்டமில்லாத சின்னக் குளியலறைக்குள் மாட்டி, கதவை அடைத்துக்கொண்டு குளிக்கப் போனவர்கள் மயங்கிவிழுவதை இந்திய மருத்துவர்கள் ஆய்விதழ்களில் தொடர்ந்து எழுதிவருகிறார்கள். 1868இல் லண்டனில் இருந்த அதே குறை. மாட்ட வருகிறவரிடம் நாம் வழக்கமாகக் கேட்பது “எவ்வளவு ஆகும்ணே?” என்ற ஒரே கேள்வி. அதோடு இன்னும் இரண்டைச் சேர்த்துக் கேட்கலாம்: இதை மாட்ட உங்களுக்கு எங்கே பயிற்சி கொடுத்தார்கள்? எரிந்த புகை எந்த வழியாக வெளியே போகும்? தொழில் தெரிந்தவர் இரண்டுக்கும் பதில் சொல்வார். கோபித்துக்கொள்கிறவரை அப்படியே திருப்பி அனுப்பிவிடலாம். அன்றைக்கு ஒரு நாள் பச்சைத் தண்ணீரில் குளித்துக்கொள்ளலாம்.